ஆடும் வீட்டில் நடப்பது எப்படி?



வீடு கட்டுவோர் நிலம் அசையாது என்னும் நம்பிக்கையிற் கட்டுகின்றனர். பாய்ப்படகின் உள்ளறையை அமைப்போருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர்கள் அமைக்கும் வீடு காற்றடித்தால் ஒருபுறம் சாய்ந்தே செல்லும். அலை மோதினால் துள்ளும். அதனுள்ளே மனிதர் நடக்கவும் சமைக்கவும் உறங்கவும் வேண்டும். அதற்கு வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் தீவுப் பாடசாலை ஒன்றுக்குப் படகிற் சென்று வந்தேன். சோழகக் காற்று வீசிய ஒரு நாள் படகு திடீரெனச் சரிந்தது. உடன் வந்த ஆசிரியர் பற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். அங்கே எதுவும் இல்லை. எதிர்ப்புற ஆசனத்தின் கூரிய மூலையில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். கரை சேரும் வரை அவர் பட்ட வேதனையைப் பார்த்திருப்பதன்றி எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. படகு பழுதானதன்று, ஓட்டியும் தவறு செய்யவில்லை. கை நீட்டிய இடத்தில் ஒரு பிடி இல்லை, அவ்வளவே.

துறைமுகத்தில் நிற்கும்போது அகன்ற அறை அழகாயிருக்கும். கடலிலோ அகலம் கூடக் கூட, எறியப்படும் உடல் அதிக வேகத்துடன் மோதும். ஆதலால் நடைபாதை ஒடுக்கமாக இருத்தல் நன்று. சாய்பவரை இருபக்கச் சுவர்களே தாங்கிக்கொள்ளும். ஏணியடி தொடங்கி முன்னறை வரை கைப்பிடிகள் தொடர்ந்து வரவேண்டும். ஒன்றை விடுமுன் அடுத்தது கைக்கெட்ட வேண்டும். கூரையிலுள்ள பிடி குள்ளமானவர்க்கு எட்டாது. இடுப்பு உயரத்திலும் பிடி வேண்டும். ஒருவர் முழுப் பாரத்துடன் விழுந்தாலும் பிடியோ மேசையோ பெயர்ந்துவிடலாகாது. மூலைகள் யாவும் உருண்டையாகச் சீவப்பட வேண்டும்.

படகு சாயும்போது ஏணிப்படியின் ஓரத்தையே கால் மிதிக்கும். ஆகவே படியின் இரு ஓரங்களையும் சற்று மேல்நோக்கி வளைத்து அமைப்பதுண்டு. இறங்குபவர் ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும்.

அடுப்பை இருபக்க அச்சில் தொங்கவிட்டால், படகு சரிந்தாலும் பானை மட்டமாக நிற்கும். சமைப்பவர் நெருப்பின்மேல் விழாதபடி முன்னே உறுதியான கம்பி ஒன்று வேண்டும். படுக்கையைப் படகின் நீளப்பாட்டில், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் அமைத்து, ஓரத்திற் கித்தான் தடுப்புக் கட்டுவர். உறங்குபவர் உருண்டு விழமாட்டார்.

ஆட்கள் மட்டுமன்றிப் பொருள்களும் கட்டுக்கடங்கி இருத்தல் வேண்டும். பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட 32 அடிப் படகு ‘சுஹைலி’. அதில் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்பவர் 1968 யூனில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1969 ஏப்பிரலில் எங்கும் தங்காது தனியராய் உலகைச் சுற்றி மீண்டார். தென்கடலில் ஓர் இரவு பேரலை படகைக் கவிழ்த்தடித்தபோது, படுக்கையிற் கிடந்த அவர்மேல் பாரமான பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டே அவர் எழவேண்டியதாயிற்று.

1979 ஓகஸ்ற் மாதத்தில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. புயலிற் சிக்கிப் பந்தயக்காரர் 15 பேர் உயிரிழந்தனர். பின் நடந்த விசாரணையில், உள்ளறைகளிற் பொருள்கள் கழன்று விழுந்ததும் கவனிக்கப்பட்டது. பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாளும், தரைப்பலகைக்குப் பூட்டும், மின்கலத்துக்குப் பட்டியும் சிறு செலவுகளே. கடல் புரளும் இரவில் அவையே தலையைக் காக்கும்.

“ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு” என்பது மாலுமிகளின் பழமொழி. அந்த இரண்டாவது கைக்கு இடம் தேடிக் கொடுப்பது படகை அமைப்பவரின் கடமை. படகு வாங்க எண்ணுவோர் துறைமுகத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு ஏணியடியிலிருந்து முன்னறை வரை பிடிகளை மட்டும் நம்பி நடந்து பாருங்கள். பின்பு உங்கள் கூட்டத்தில் மிகச் சிறியவரையும் அவ்வாறே நடக்கச் சொல்லுங்கள். அவர் கை எங்கே வெறுமையைத் தடவுகிறதோ, அங்கே ஒரு பிடியைப் பொருத்திய பின்னரே பாய் விரியுங்கள்.