எம்-புக்கை யார் பார்த்தா?

பண்ருட்டின்னா பலாப்பழம், முந்திரி. இந்த எபிசோட்ல ரெண்டும் கிடையாது, ஒரு தடுப்பணைதான்.

பண்ருட்டி பக்கம் எனதிரிமங்கலம், அக்கரையில விழுப்புரம் மாவட்டத் தளவானூர். நடுவுல தென்பெண்ணை. இங்க 25 கோடி ரூபாய்க்கு மேல செலவழிச்சு பொதுப்பணித்துறை கட்டின தடுப்பணை 2020-ல திறந்தாங்க. 2021 ஜனவரி 23 அன்னைக்கு எனதிரிமங்கலம் பக்கச் சுவர் இடிஞ்சு, தேங்கின தண்ணி ஓடிப்போச்சு. பொறியாளர்கள் நாலு பேர் சஸ்பெண்ட். நவம்பர் வெள்ளத்துல இன்னும் சேதமாகி, வெடி வச்சுத் தகர்க்க வேண்டியதாச்சு.

அது அ.தி.மு.க. ஆட்சி. அதுக்காக யாரும் ரொம்ப சிரிக்க வேணாம். அதே ஆத்துல, திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டுல சுமார் 16 கோடியில கட்டின பாலத்தை 2024 செப்டம்பர்ல தி.மு.க. அரசு திறந்தது. டிசம்பர்ல வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. டிசைனுக்கு மேல தண்ணி வந்துச்சுன்னாங்க. இருக்கலாம். அந்தக் கணக்கை நாம பார்க்க முடியுமாங்கிறதுதான் என் கேள்வி.

டெண்டரைப் பத்தி நிறைய பேசுறோம். அதுக்கு 1998-லயே தனிச் சட்டம் வந்தாச்சு. ஆனா வேலை கிடைச்ச பிறகு பணம் போறது எம்-புக், அதாவது அளவுப் புத்தகத்தை வச்சு. பொறியாளர் அளந்து எழுதணும், மேலதிகாரி சரிபார்க்கணும், அப்புறம்தான் பில். நம்ம கோட் ரிவ்யூ மாதிரியேதான். ஆனா நம்ம கோடை யார் அப்ரூவ் பண்ணாங்கன்னு டீமே பார்க்கலாம். எம்-புக் ஆபீஸ் பீரோவுல தூங்கும். கான்கிரீட் மூடினதுக்கு அப்புறம் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்ங்கிறதுக்கு அந்தப் பக்கம்தான் சாட்சி.

இதுல எனக்குக் கடுப்பாகிற விஷயம் ஒண்ணு இருக்கு. நூறு நாள் வேலைக்காக 2005-ல வந்த சட்டம், அந்த வேலைகளுக்கு கிராம சபையில சமூகத் தணிக்கை கட்டாயம்னு சொல்லுச்சு. பாட்டிங்க வெட்டின குட்டைக்கு ஊர் கூடிக் கணக்குக் கேக்கலாம். 25 கோடி தடுப்பணைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஒரு வழி இருக்கு. தகவல் உரிமைச் சட்டம் 2(ஜெ) பிரிவு. நகல் வாங்குறது மட்டும் இல்ல, அரசு வேலையை நேர்ல ஆய்வு பண்ணலாம், கட்டுமானப் பொருளோட சான்றளித்த மாதிரியும் கேக்கலாம். மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

அதனால உங்க தெருவுல கால்வாய் தோண்டுறப்பவே மனு போடுங்க. மூடினப்புறம் இல்ல. ஒப்பந்த நகல், எம்-புக் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, இந்த மூணையும் கேளுங்க. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து படிப்போம்.