பாட்டில் அரசியல் கூடாதாம்!

(சிஞ்ச்வட்டில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் யூரோவிஷன் என்னும் பன்னாட்டுப் பாடல் போட்டியை நடத்தி வருகிறது. அரசியல் தன்மை கொண்ட வரிகளுக்கு அங்கே இடமில்லை என்பது விதி. அந்த விதி யார்மீது பாய்கிறது, யாருக்காக வளைகிறது என்பதே நமது கேள்வி.

2009இல் மாஸ்கோவில் நடந்த போட்டிக்கு, புடினின் பெயரைச் சிலேடையாக்கிய பாடலை ஜார்ஜியா தேர்ந்தெடுத்தது. அதை மாற்றச் சொன்னதும் ஜார்ஜியா விலகியது. 2016இலோ, கிரிமியத் தாத்தார்கள் 1944இல் நாடு கடத்தப்பட்டதைப் பாடிய உக்ரைனின் ஜமாலாவுக்கு அனுமதியும் கிடைத்தது, முதலிடமும் கிடைத்தது. 2022இல் உக்ரைன் போரைக் காரணம் காட்டி ரஷ்யாவை வெளியேற்றினார்கள். ஆனால் 2024 மே மாதம், காசாவில் ஏறத்தாழ 35,000 பேர் கொல்லப்பட்டிருந்த நிலையில், இஸ்ரேலை மேடையேற்றினார்கள். பாடலின் தலைப்பும் வரிகளும் திருத்தப்பட்டன, குண்டுவீச்சு நிற்கவில்லை. 2026 போட்டியிலும் இஸ்ரேலுக்கு இடமுண்டு என்றானதும் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் விலகின. ஆக, அரசியல் வேண்டாம் என்பதும் ஓர் அரசியலே.

இதே போட்டியில் 1974இல் போர்ச்சுகல் பாடியது ஒரு காதல் பிரிவுப் பாடல். பரிசு கிட்டவில்லை. அதே ஏப்ரல் 24 இரவு, கிளர்ச்சிக்குத் தயாராக இருந்த இராணுவ அதிகாரிகளுக்கு முதல் சமிக்ஞையாக வானொலியில் ஒலித்தது அந்தப் பாடல்தான். மறுநாள், அரை நூற்றாண்டை நெருங்கிய சர்வாதிகாரம் வீழ்ந்தது. வரிகளில் இல்லாத அரசியலை, ஆயத்தமாக நின்ற அமைப்பு அப்பாடலுக்கு அளித்தது.

நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணும் இதை அறியும். தலித் தொழிலாளியான அண்ணாபாவ் சாத்தே ஸ்டாலின்கிராட் போரைப் பவாடாவாகப் பாடினார். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் இணைந்து 1944இல் செங்கொடிக் கலைக்குழுவைக் கட்டினார். எந்த நடுவர் குழுவும் அவர்களுக்கு மதிப்பெண் இடவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து கேட்டார்கள்.

எனவே தோழர்களே, நம் பிள்ளைகள் கைபேசியில் கேட்கும் பாடல்களைப் பழித்து ஒதுக்காதீர்கள். உடன் அமர்ந்து கேளுங்கள். மேடை யாருடையது, எந்தக் குரல் அங்கே அனுமதிக்கப்படவில்லை என்று அவர்களோடு பேசுங்கள். அடுத்த மே தினத்தில் தமிழகத்தின் பறையும் மராட்டியத்தின் பவாடாவும் இங்கே ஒரே மேடையில் முழங்கட்டும். அதில் பாலஸ்தீனத்தின் பெயரும் ஒலிக்கட்டும்!