நூலில் இருக்கிறது, பாலையில் இல்லை

 



இஹ்ராம் அணிந்தவர் வேட்டைப் பிராணியைக் கொன்றுவிட்டால், அதற்கு ஈடான கால்நடையைப் பரிகாரமாகக் கொடுக்கும் சட்டம் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. எதற்கு எது ஈடு என்பதை ஸஹாபாக்கள் தீர்ப்பளித்துச் சென்றார்கள். நெருப்புக்கோழிக்கு ஒட்டகம், காட்டுமாட்டிற்கு மாடு, மானுக்கு ஆடு என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் இன்றும் ஓதிக்கொடுக்கிறோம்.

மதரஸாவில் நான் இப்பாடத்தை ஓதியபோது, "அரபு நாட்டில் நெருப்புக்கோழி ஏது ஹஜ்ரத்?" என்று பக்கத்திலிருந்த மாணவர் கேட்டார். "அந்தக் காலத்தில் இருந்தது" என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் அவர்கள் அடுத்த மஸ்அலாவுக்குச் சென்றுவிட்டார்கள். அந்தக் காலம் ஸஹாபாக்களோடு முடிந்துவிட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகு தேடிப் பார்த்தால், நம் பாட்டனார் காலம்வரை அப்பறவை சிரியாவிலும் அரேபியாவிலும் ஓடித் திரிந்திருக்கிறது! 1966ஆம் ஆண்டு ஜோர்தானில், பெட்ராவுக்கு வடக்கே சாகும் தறுவாயில் காணப்பட்ட ஒன்றே கடைசிப் பதிவாகச் சொல்லப்படுகிறது.

நூல்கள் கூறும் காட்டுமாட்டு வகையில் ஒன்றுதான் 'மஹா' எனும் அரேபிய ஓரிக்ஸ். வெண்ணிற உடலும் நீண்ட இரு கொம்புகளும் கொண்டது. கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீங்கள் பார்க்கும் தலை அதனுடையதே. 1972இல் ஓமானின் ஜித்தத்துல் ஹராஸீஸ் சமவெளியில் எஞ்சியவையும் வேட்டையாடப்பட்டன. காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் என்ன? வறட்சியா? செடிகொடிகளின் ஈரத்தையும் பனியையும் கொண்டே நெடுநாள் வாழும் பிராணி அது. பெதுவீன்கள் பசிக்கு ஒன்றிரண்டை வேட்டையாடிய நூற்றாண்டுகளிலும் அது அழியவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நவீனத் துப்பாக்கி பெருகியது. தொடர்ந்து மோட்டார் வாகனமும் எண்ணெய்ப் பணமும் வந்தன. ஒளிய ஒரு மரமில்லாத வெளியில் வாகனத்தை எது முந்தும்? ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று ஈனும் இனம் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

"இஹ்ராமில் அல்லவே, ஹலாலான வேட்டைதானே?" என்று கேட்கத் தோன்றும். ஆம், பிஸ்மில்லாஹ் சொல்லியே சுட்டிருப்பார்கள். அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. இதில் அந்நியர் மீது பழிபோட நமக்கு வழியில்லை. உயிருள்ளதை இலக்காக்கி எய்து பழகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னதை புகாரியில் ஓதுகிறோம். ஓதுகிற நாமேதான் துரத்தினோம்.

அழியும் தறுவாயில் சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் வளர்த்தார்கள். சவூதி மன்னரும் குவைத் ஷேக் ஒருவரும் தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்தார்கள். ஒன்பதில் தொடங்கிய மந்தை பெருகி, 1982இல் ஓமானில் மீண்டும் விடப்பட்டது. ஹராஸீஸ் குலத்தார் காவல் இருந்தார்கள். 1996இல் சுமார் 450 ஆயிற்று. பிறகு நடந்ததைக் கேளுங்கள்: செல்வர்களின் தோட்டங்களுக்கு விற்பதற்காக உயிரோடு பிடிக்கும் திருட்டுக் கூட்டம் கிளம்பியது. 2007இல் மிஞ்சியது 65. எண்ணெய்க்காகச் சரணாலயத்தின் பரப்பும் 90 விழுக்காடு சுருக்கப்பட்டது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. பிற அரபு நாடுகளிலும் விடப்பட்டதால்தான் அவ்வினம் இன்று தப்பியிருக்கிறது.

வளைகுடாவில் பணிபுரியும் நம் ஊர்ச் சகோதரர்கள் சிலர், விடுமுறை நாளில் வண்டியில் சென்று பாலை உடும்புகளை விரட்டிப் பிடித்த படத்தை எனக்குக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டது உண்மை. அதை ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு சாக்கு நிறைய இருந்தன. உண்ண இருந்தவர்கள் நால்வர்.