நான்கில் ஒன்று புதிது

மாட்டு வண்டி ஓடிய காலத்திலே சில்லுச் செய்யும் தச்சன் இரண்டு சில்லுகளையும் சோடியாகவே செய்து கொடுப்பான். குடம், ஆர், வட்டை ஆகிய உறுப்புக்கள் இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று சிறுத்து மற்றொன்று பெருத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதனை அவனுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. மோட்டார்க் கார் வந்த பின்னர் இந்தச் சோடிக் கணக்குச் சிறிது சிறிதாக மறக்கப்பட்டுவிட்டது. நான்கு ரயர்களுள் ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாத்திரம் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவதே இன்று வழக்கமாயிருக்கின்றது. மாற்றிய மறுநாள் வண்டி குலுங்கத் தொடங்கினால், குற்றம் காரிலா, தெருவிலா, கடைக்காரரிலா என்று வீட்டிலே விவாதம் எழுகின்றது.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பல ஆண்டுகள் காத்திருந்து, கடன்பட்டுப் புதிய கார் வாங்கியவர்கள் பலர். அத்தகைய இலிகிதர் ஒருவர் கிளிநொச்சியில் வசிக்கின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை தாயாரை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கொண்டு செல்வதற்காகவே அவர் ஒரு சிறிய கார் வாங்கினார். வாங்கி மூன்று மாதம் ஆகுமுன் தெருக்குழி ஒன்றில் பின்சில்லு விழுந்து, ரயரின் பக்கச் சுவர் வெடித்தது. மற்ற மூன்றும் புதியனவாகவே இருந்தமையால் ஒன்றை மாத்திரம் வாங்கிப் பூட்டினார். அடுத்த பயணத்தில் ஆனையிறவு தாண்டு முன்னரே பின்னிருக்கையிலிருந்து தாயார், "தம்பி, வண்டி முந்தி மாதிரி இல்லை, முதுகு நோகுது" என்றார். ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த மகனுக்கோ ஒரு வேறுபாடும் தோன்றவில்லை. தாயாருக்கு வயதாகிவிட்டது என்று அவர் எண்ணினார்.

தாயார் சொன்னதே சரி. முன்சில்லில் உள்ள குறை ஸ்ரியரிங்கின் நடுக்கமாகச் சாரதியின் கைக்கு வரும். பின்சில்லில் உள்ள குறை இருக்கையின் வழியாகவும் தளத்தின் வழியாகவும் வரும். பின்னால் இருப்பவரே அதனை முதலில் அறிவார். ஆகவே, குலுக்கம் எவ்விடத்தில் உணரப்படுகின்றது என்று வண்டியிலுள்ள அனைவரையும் கேட்பதே பரிசோதனையின் முதற்படி. இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது காற்று. காரைத் தாங்குவது றப்பர் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அதனைத் தாங்குவது றப்பருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்றில் ஒவ்வொரு சில்லும் சராசரியாக 250 கிலோவைச் சுமக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 33 இறாத்தல் அமுக்கம் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 250 ஐ 2.3 ஆல் வகுத்தால் வருவது 109 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஓர் உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கை அளவான நிலத்தொடர்பிலே குடும்பம் முழுவதும் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகின்றது. அமுக்கத்தை 45 இறாத்தலாக உயர்த்தினால் அந்த உள்ளங்கை ஏறக்குறைய 79 சதுர சென்ரிமீற்றராகச் சுருங்கும். ரயரும் மரக்கட்டை போல விறைத்துவிடும். சிறு கல்லும் பெருங்கல்லாகத் தெரியும்.

புதிய ரயரிலே காற்று மிகுதியாவதற்கு ஒரு காரணம் உண்டு. புதிய ரயரை றிம்மில் ஏற்றும்போது அதன் ஓரம் றிம்மின் விளிம்பில் இறுகப் பொருந்துவதற்காகக் கடையிலே வழமைக்கு மேலாகக் காற்றடிப்பார்கள். ஓரம் பொருந்திய பின் அதனைக் குறைத்து உரிய அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அந்தக் கடைசி வேலை மறக்கப்படுவது உண்டு. உரிய அளவு எது என்பதைச் சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளிற் காணலாம். ரயரின் பக்கத்திற் பொறிக்கப்பட்டிருக்கும் பெரிய எண் அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அமுக்கத்தைக் குறிப்பது. அந்தக் காருக்கு வேண்டிய அளவு அதுவன்று. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வோர் மிகப் பலர்.

அளப்பதும் வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது செய்யவேண்டியது. வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியசு கூடினாலே அமுக்கம் ஏறக்குறைய ஓர் இறாத்தல் கூடிவிடும். நண்பகல் வெயிலிலே ஏ-9 வீதியில் ஓடிவந்த ரயரை அளந்து காற்றைக் குறைத்தால், மறுநாட் காலையில் அது காற்றுக் குறைந்த ரயராக இருக்கும். காலால் உதைத்துப் பார்த்துக் காற்றின் அளவைச் சொல்லும் கலையில் எங்கள் நாட்டிலே வல்லுநர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 33 இறாத்தலுக்கும் 45 இறாத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் காலை எவரும் இன்னும் பெறவில்லை. ஒரு சிறிய அளவுமானி வாங்குவது நல்லது.

காற்றுச் சரியாயிருந்தும் குலுக்கம் நீங்காவிடின், ரயரின் பக்கச் சுவரை வாசித்தல் வேண்டும். 155/65 R 14 75S என்று ஒரு ரயரிற் பொறித்திருக்கின்றது என்று கொள்வோம். 155 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 என்பதைக் குறிக்கும். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்னும் குறி 387 கிலோச் சுமையையும், S என்னும் எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தையும் குறிக்கும். R என்பது ரேடியல் என்னும் அமைப்பு. இவற்றுள் முதல் மூன்று எண்களை மாத்திரம் பார்த்துவிட்டு, "சைஸ் சரி" என்று சொல்லி ரயர் விற்கப்படுவதுண்டு. சைஸ் ஒன்றாயிருந்தும் தன்மை வேறாயிருக்கலாம். மிகைச் சுமைக்கென வலுவூட்டப்பட்ட ரயரின் சுவர் சாதாரண ரயரின் சுவரிலும் விறைப்பானது. காற்று முற்றாகப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடியதாகச் செய்யப்படும் ரயரின் சுவர் அதனிலும் தடித்தது. சிறிய வான்களுக்குரிய ரயரோ எண்களின் ஈற்றில் C என்னும் எழுத்தைத் தாங்கி வரும். அது சரக்குச் சுமப்பதற்குப் பிறந்தது, கிழவியின் முதுகை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அத்தகைய ரயர் ஒன்று மூன்று மென்மையான ரயர்களோடு சேர்ந்தால் அந்த மூலையில் மாத்திரம் வண்டி துள்ளும்.

ரயரின் அமைப்பு என்ற இந்த விடயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. காற்றடைத்த ரயருக்கு றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1845 இல் உரிமம் பெற்றார். அதனை வாங்குவார் இல்லை. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் மைந்தனின் மூன்று சில்லு வண்டி குலுங்காதிருக்க வேண்டும் என்று முயன்று, 1888 இல் அதனை மீண்டும் கண்டார். இத்தொழில் வளர வேண்டிய றப்பர் ஆசியாவிற் பெருகியதற்கு, 1876 இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நாட்டப்பட்ட கன்றுகள் ஒரு தொடக்கமாயின. நூல்களைக் குறுக்கு மறுக்காக அடுக்கிச் செய்த பழைய ரயருக்குப் பதிலாக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக நூலோடும் ரேடியல் அமைப்புக்குப் பிரான்சின் மிஷ்லான் நிறுவனம் 1946 இல் உரிமம் பெற்றது. இவ்விரு வகைகளும் தெருவைப் பிடிக்கும் விதம் வேறு. ஆகையினால் ஒரே அச்சில் அவற்றைக் கலப்பதை இங்கிலாந்தின் சட்டம் தடுக்கின்றது. மைந்தனின் குலுக்கத்தை நீக்கப் பிறந்த பொருள் தாயாரின் குலுக்கத்துக்குக் காரணமாகிவிட்டது என்பது ஒரு வேடிக்கை.

பக்கச் சுவரில் இன்னொரு குறியும் உண்டு. DOT என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் ஈற்றில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த ரயர் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாத ரயர் புதிய ரயர் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் றப்பர் ஓடாமலும் முதிரும். வெயிலும் வெப்பமும் அதனை இறுகச் செய்யும். காசு கொடுக்குமுன் அந்த நான்கு இலக்கங்களை வாசிப்பவரோடு கடைக்காரர் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மாத்திரம் நடுக்கம் தோன்றி, வேகம் மாறியதும் மறைந்தால், சில்லின் சமநிலையை ஐயுறுதல் வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள ரயர் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 1.75 மீற்றர் போகும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு செக்கனில் ஏறக்குறைய 13 முறை சுழல்கின்றது. றிம்மின் ஓரத்தில் 10 கிராம் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால், அவ்வேகத்தில் அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சை இழுக்கும். வேகம் பாதியானால் விசை காற்பங்காகும். கிராமத்து ஒழுங்கையில் அமைதியாக ஓடிய கார் பெருந்தெருவில் நடுங்குவதன் இரகசியம் இதுவே. சில்லைப் பொறியிற் சுழற்றி, வேண்டிய இடத்தில் ஈயத்துண்டோ வேறு உலோகத்துண்டோ பொருத்திச் சமன்செய்வதைக் கடைகளில் வீல் பலன்சிங் என்பர். ரயர் மாற்றிய ஒவ்வொரு முறையும் அது செய்யப்பட வேண்டும்.

சமன்செய்த பின்னும் குலுங்கினால் சில்லு வட்டமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். ரயரின் ஓரத்தையடுத்து றிம்மைச் சுற்றி ஒரு மெல்லிய வரை தெரியும். றிம்முக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக இல்லையெனில், ரயர் சரியாக அமரவில்லை. கழற்றி மறுபடி ஏற்றினால் குறை தீரும். ஆனால் அடிக்கடி மறக்கப்படும் சாட்சி ஒன்றுண்டு. அது குழி. பழைய ரயரைக் கிழித்த அதே அடி றிம்மையும் வளைத்திருக்கலாம். அச்சின் நேரையும் கலைத்திருக்கலாம். ஷொக் அப்சோபரையும் கெடுத்திருக்கலாம். வளைந்த றிம்மில் எத்துணை நல்ல ரயரைப் பூட்டினாலும் அது நொண்டியே ஓடும். நம் இலிகிதரின் காரில் இருந்த குறை இதுவே. வெளிப்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்விளிம்பு ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. அவர் அதற்குள் ரயர்க் கடைக்காரரோடும் கார் விற்றவரோடும் இரண்டு முறை வாய்த்தர்க்கம் செய்து முடித்திருந்தார்.

அத்தர்க்கங்களைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. ஐயத்துக்குரிய சில்லைக் கழற்றி, அதே அச்சின் மறு பக்கத்துக்கோ முன்னுக்கோ மாற்றிப் பூட்டி ஓடிப் பார்க்கலாம். சில்லோடு குலுக்கமும் இடம்பெயர்ந்தால் குற்றம் சில்லிலோ ரயரிலோ உள்ளது. குலுக்கம் பழைய மூலையிலேயே நின்றால் குற்றம் வண்டியில் உள்ளது. இது சிறுவர் பள்ளி விஞ்ஞானமே; ஆயினும் கராஜ்களிற் செய்யப்படுவதிலும் பார்க்கக் குறைவாகவே வீடுகளிற் செய்யப்படுகின்றது.

இவற்றுள் ஒன்று மாத்திரம் காத்திருக்கக் கூடாதது. நடுக்கம் நாளுக்கு நாள் கூடி, ரயரின் முகத்திலோ சுவரிலோ ஒரு புடைப்புத் தென்பட்டால், உள்ளே நூலோ உருக்குப் பட்டையோ பிரிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்த ரயர் எவ்வேகத்திலும் வெடிக்கலாம். கடைக்குப் போகும் வரை மெதுவாக ஓட்டலாம் என்று எண்ணாது, மேலதிகச் சில்லைப் பூட்டிக்கொண்டு போதலே தக்கது.

ஒன்றை மாத்திரம் மாற்றுவதே பிழையா என்று கேட்கப்படலாம். பிழையன்று; மற்றவை தேயாதிருந்து, புதியதும் அதே வகையாயிருந்தால் போதும். மேற்சொன்ன ரயரில் முகம் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால், அது புதிய ரயரிலும் பார்க்க ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுழலும். சாதாரணக் காருக்கு அது பெரிதன்று. நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் அந்த இரண்டு சுற்றும் இடைவிடாது பற்சக்கரங்களின் மேல் ஏறும்; அங்கே தேய்வின் வேறுபாடு சிறிது கூடினாலும் நான்கையும் மாற்றச் சொல்வார்கள். தேய்வு கணிசமாயிருந்தால் ஒரே அச்சிலுள்ள இரண்டையும் மாற்றி, புதியவற்றைப் பின் அச்சிற் பூட்டுவது நன்று. மழை நீரில் வழுக்கும்போது முன்பக்கம் விலகினால் வேகத்தைக் குறைத்து மீளலாம், பின்பக்கம் விலகினால் வண்டி சுழன்றுவிடும். புதிய ரயரின் முகத்தில் அச்சிலிருந்து எடுக்கும்போது படிந்த வழுவழுப்புச் சில நூறு கிலோமீற்றர் வரை இருக்கும். அதுவரை பிறேக்கைக் கடுமையாக மிதிக்க நேராத வேகத்திற் போக வேண்டும். சில்லின் நட்டுக்களையும் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடிய பின் மறுமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.