சிற்றறையும் பெருமையும்



இரமணாசிரமப் பகுதியில் பழைய இல்லத்தைப் புதுக்க எண்ணுவோர் முதலில் ஆசிரமத்துள் உள்ள சிற்றறை ஒன்றைக் காணுதல் வேண்டும். 1922 இன் இறுதியில் கந்தாசிரமத்தினின்று இறங்கி அன்னையின் சமாதியருகே தங்கிய இரமண மகரிஷி, 1950 ஏப்ரல் 14 அன்று நிறைவெய்தியது அவ்வறையில்தான். அருகே 1949 இல் குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயம் கருங்கல்லில் ஓங்கி நிற்கிறது. அறையோ சிற்றறையாகவே பேணப்படுகிறது. அவர்தம் எளிமையை அதன் அளவே உரைக்கிறது.

திருவல்லிக்கேணியில் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த தியாகராச விலாசத்திற்கு அப்பேறு வாய்க்கவில்லை. 2012 இல் அது இடிக்கப்பட்டது. அவர் பதிப்பித்த நூல்கள் நம்மிடம் உள. அவர் சுவடிகளோடு உழன்ற இடத்தில் இனி எவரும் நிற்க இயலாது.

அங்ஙனமாயின், வாழ்வோர்க்கு வசதி வேண்டாவோ? வேண்டும். குழாய், மின்கம்பி, கழிப்பறை ஆகியவை புதியன ஆகலாம். ஆனால், பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

சுவடியைப் பதிப்பிப்பவர் சிதைந்த எழுத்தை ஆய்ந்து தெளிவார். தம் பாடலை இடையே செருகார். பழைய வீட்டைப் புதுக்குவோர்க்கும் அதுவே நெறி. பாடல்களைப் போற்றும் இவ்வட்டம், பாடியோர் வாழ்ந்த சுவர்களையும் போற்றுக.