கண்டறியும் காலமும் விலக்குக் காலமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மாடு வளர்த்த நம் குடும்பங்கள் ஒன்றை நன்கறியும்: நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் விற்கலாகாது. பந்தயக் குதிரைக்கும் இத்தகைய நாட்கணக்கு உண்டு. ஆயின், அங்கே நமக்கு இரு சொற்கள் வேண்டும்.

வீங்கிய மூட்டினுள் டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளைச் செலுத்துவர். எளிதில் கரையாத நுண்படிகங்களாக அவை மூட்டுநீரில் தங்கி, சிறிது சிறிதாகக் குருதியில் கலக்கின்றன. முன்னதைவிடப் பின்னது நெடுநாள் தென்படும். மருந்தளவும் ஊசி ஏற்ற மூட்டுகளும் மிகுந்தால் நாளும் மிகும்.

ஆய்வுக்கு எடுத்த சில குதிரைகள் அனைத்திலும் மருந்து குறித்த வரம்புக்குக் கீழே இறங்க ஆகும் நாளைக் 'கண்டறியும் காலம்' என்போம். பந்தயத்துக்கு முன் மருத்துவர் விடவேண்டிய இடைவெளி 'விலக்குக் காலம்'. குதிரைக்குக் குதிரை உடல் வேறுபடுதலால், முன்னதனோடு பாதுகாப்புக்கெனச் சில நாள் கூட்டியே பின்னதை வகுத்தல் முறை.

2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் குருதியில், மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெத்தசோன் இருந்தது. பிக்கோகிராம் என்பது கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. மூட்டூசியன்று, தோலுக்கிட்ட களிம்பே காரணம் என்றனர் குதிரைத் தரப்பினர். எனினும் 2022இல் அவ்வெற்றி நீக்கப்பட்டது.

பட்டத்தினும் பெரியது உயிர். வலி மறைந்த காலோடு ஓடும் குதிரை எலும்பு முறிந்து வீழலாம்; மேலிருப்பவரும் உடன் வீழ்வார். ஆதலின் இலாயத்தில் பணிபுரியும் நம்மவர் நாவில் இவ்விரு சொற்களும் வேறாகவே வழங்கவேண்டும் என விழைகிறோம்.