அயலும் நன்னீரும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



தீவகத்து ஊர்களில் 'அயலட்டை' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. செத்தவீட்டில் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவருவது அயல். இரவில் ஒருவருக்கு நோய் முற்றினால் துறைமுகம்வரை கூடவருவதும் அயல். வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதற்குள்ளால் கறியும் செய்தியும் போய்வரும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த அயலின் எல்லை எதுவரை என்று என்னைக் கேட்டால், கிணற்றடியைத்தான் காட்டுவேன்.

தீவுகளில் ஆறில்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அளவுமீறி இறைத்தால் அதுவும் உவராகிவிடும். ஆகவே ஊருக்கு நன்னீர்க் கிணறுகள் சிலவே, மற்றவை சவர். அந்தச் சிலவற்றிலும் எல்லோரும் அள்ள முடியவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் குடத்தோடு காத்துநின்று, பிறர் ஊற்றுவதையே வாங்கிச்செல்ல வேண்டியிருந்தது.

புங்குடுதீவில் பிறந்த ஆசிரியர் மு. தளையசிங்கத்தை 'புதுயுகம் பிறக்கிறது', 'போர்ப்பறை', 'மெய்யுள்' ஆகிய நூல்களால் அறிவோம். அவர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1971இல் புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் எல்லோரும் நன்னீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். கைதானார், தாக்கப்பட்டார். நாற்பது வயதைக் காணாமலே 1973இல் மறைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியவர்களும் தங்களை இரக்கமுள்ள அயலவர் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது வேறு, அள்ளவிடுவது வேறு. இரக்கத்தில் ஒருவர் கட்டின்மேல் நிற்கிறார், மற்றவர் கீழே நிற்கிறார். பொறுப்பு என்பது இருவரும் ஒரே கட்டில் நின்று ஒரே கயிற்றைப் பிடிப்பது. தளையசிங்கம் கேட்டது இதைத்தான்.

பின்னர் 1991இல் போர் தீவக மக்களைப் பெருவாரியாக இடம்பெயர வைத்தது. தளையசிங்கத்தின் வழியில் வந்த அதே ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம், ஆளற்றுப்போன ஊரின் துயரை 'காற்றுவழிக் கிராமம்' என்ற தொகுதியில் பாடினார். அள்ளவிடாதவருமில்லை, காத்துநின்றவருமில்லை என்ற நிலையில், கிணறு யாருடையது என்ற வழக்கிற்கு என்ன பொருள்?

திரும்பி வந்தவர்கள் சிலரே. பிள்ளைகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பெரிய வளவுக்குள் தனித்திருக்கும் முதியவர்கள் பலர். வெளிநாட்டுப் பணம் கோயிலைப் புதுப்பிக்கும். பொழுதுபட்டும் விளக்கெரியாத வீட்டுப் படலையைப் போய்த் தட்டாது. அதற்கு அயலில் ஒரு மனிதர் வேண்டும். அவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அப்போது யார் கேட்கப்போகிறார்கள்?

வரட்சிக் காலத்தில் இன்றும் தீவுகளுக்குப் பவுசரில் தண்ணீர் வருகிறது. வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் கிடைத்ததா, வரிசைக்கே வர முடியாதவரின் குடம் நிறைந்ததா என்று பார்த்துவிட்டு நம் குடத்தைத் தூக்குவோம்.